தீநுண்மியின் ஏடு

நுழையும்முன்

இருமலும் காய்ச்சலும் எல்லா ஊர்களிலும் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் அவற்றை உண்டாக்கும் தீநுண்மி ஒவ்வொரு பரவலிலும் சிறிது மாறுகிறது. அம்மாற்றத்தைக் கண்ணால் காண இயலாது; அதன் மரபணுத்தொகுதியை எழுத்தெழுத்தாகப் படித்தால்தான் அறியலாம். அவ்வாறு தொடர்ந்து படித்து, ஒப்பிட்டு, உரிய காலத்தில் எச்சரிக்கும் பணியே மரபணுக் கண்காணிப்பு. கோவை கணபதியில் எடுக்கப்படும் ஒரு சளி மாதிரிக்கும் உலகின் மறுகோடியில் எடுக்கப்படும் முடிவுகளுக்கும் இடையே உள்ள தொடர்பை இப்பாடம் விளக்குகிறது.

படியெடுப்போர் செய்த பிழை

அச்சு இயந்திரம் வருவதற்கு முன்பு தமிழ் நூல்கள் ஓலைகளில் வாழ்ந்தன. ஓலை நெடுங்காலம் நிலைக்காது, செல்லரிக்கும், ஒடியும். எனவே பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுதும் வழக்கம் தலைமுறை தலைமுறையாகத் தொடர்ந்தது. ஏடுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஒகரங்களில் குறிலுக்கும் நெடிலுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. துணைக்காலும் ரகரமும் ஒரே வடிவில் இருக்கும். ஆகவே படியெடுப்பவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும் எங்கோ ஓர் எழுத்து மாறிவிடும். அந்த ஏட்டிலிருந்து படியெடுத்த ஏடுகள் அனைத்திலும் அதே மாற்றம் தொடரும்.

1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதர், பல ஊர்களிலிருந்து சுவடிகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பாடவேறுபாடுகளை ஆராய்ந்தார். பிழைகளுக்கும் ஒரு பயன் உண்டு. இரண்டு ஏடுகளில் ஒரே இடத்தில் ஒரே மாற்றம் காணப்பட்டால், அவ்விரண்டும் ஒரே மூல ஏட்டின் வழிவந்தவை என ஊகிக்கலாம். இவ்வாறு பொதுவான மாற்றங்களைத் தொடர்ந்து சென்றால், எந்த ஏடு எதிலிருந்து பிறந்தது என்னும் வழிமுறையை வரைந்துவிடலாம்.

தீநுண்மியின் பயணத்தை அறியும் அறிவியலும் இதே நெறியில் இயங்குகிறது. தீநுண்மி தன்னைத்தானே பெருக்கிக்கொள்ள இயலாதது. அது மனித உயிரணுவுக்குள் நுழைந்து, அங்குள்ள கருவிகளைக் கொண்டு தன் மரபுச்செய்தியைப் படியெடுக்கச் செய்கிறது. அப்போது எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. அப்பிழைகளே அது வந்த வழியைக் காட்டும் தடங்களாகின்றன.

29,903 எழுத்துகள்

கொரோனா பெருந்தொற்றை உண்டாக்கிய தீநுண்மியின் மரபணுத்தொகுதி ஆர்.என்.ஏ. என்னும் ஓர் இழையால் ஆனது. அடினைன், யுராசில், குவானைன், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்களே அதன் எழுத்துகள். 2020 ஜனவரியில் சீன அறிவியலாளர்கள் உலகிற்கு வெளியிட்ட முதல் மரபணுத்தொகுதியில் 29,903 எழுத்துகள் இருந்தன. இன்றும் மற்ற மாதிரிகள் அதனோடு ஒப்பிடப்படுகின்றன. சுவடிப் பதிப்பில் மூல ஏட்டுக்கு உள்ள இடம் இங்கே அதற்கு உண்டு.

இத்தீநுண்மியிடம் படியெடுக்கும்போது நேரும் பிழைகளில் ஒரு பகுதியைத் திருத்தும் அமைப்பு உள்ளது. அதனால் இன்ஃபுளுயன்சாவைவிட இது மெதுவாகவே மாறுகிறது. பெருந்தொற்றின் தொடக்கக் காலத்தில் ஒரு பரவல் வழியில் மாதத்திற்கு ஏறத்தாழ இரண்டு எழுத்துகள் மாறின. முப்பதாயிரம் எழுத்துகளில் இரண்டு என்பது மிகச் சிறிய அளவே. பெரும்பாலான மாற்றங்களால் தீநுண்மிக்கு ஆதாயமும் இல்லை, இழப்பும் இல்லை. சில மாற்றங்கள் அதனையே செயலிழக்கச் செய்யும். மிகச் சிலவே அதற்கு வலிமை சேர்க்கும்.

அத்தகைய ஒன்று 2020ஆம் ஆண்டின் தொடக்கத்திலேயே தோன்றியது. 23,403ஆம் இடத்தில் இருந்த அடினைன், குவானைனாக மாறியது. அந்த ஓர் எழுத்தினால், தீநுண்மி உயிரணுவைப் பற்றிக்கொள்ள உதவும் கூர்ப்புரதத்தின் 614ஆம் அமினோ அமிலம் மாறியது. சில மாதங்களில் உலகெங்கும் பரவிய தீநுண்மிகளில் பெரும்பான்மையானவை இம்மாற்றத்தைக் கொண்டவையாக ஆயின. ஓரெழுத்து மாறினால் பொருள் மாறும் என்பதைத் தமிழ் கற்போர் நன்கு அறிவர். இங்கே ஓரெழுத்து மாற்றம் ஒரு நோயின் பரவும் தன்மையையே மாற்றியது.

கணபதியிலிருந்து ஒரு மாதிரி

கோவை காந்திபுரத்திலிருந்து சத்தியமங்கலம் சாலையில் வடக்கு நோக்கிச் சென்றால் கணபதி வரும். லேத் பட்டறைகளும் வார்ப்படச் சாலைகளும் மோட்டார் பம்பு உதிரிபாகங்கள் செய்யும் கூடங்களும் குடியிருப்புகளோடு கலந்து நிற்கும் பகுதி அது. அங்கே பட்டறைத் தொழிலாளி ஒருவர் காய்ச்சலோடும் இருமலோடும் அருகிலுள்ள நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திற்குச் செல்வதாகக் கொள்வோம். செவிலியர் அவருடைய மூக்கிலும் தொண்டையிலும் பஞ்சுக்குச்சியால் தடவி எடுத்த மாதிரியைக் குழாயில் இட்டு மூடுகிறார். குளிர்நிலை மாறாமல் அது ஆய்வகத்தைச் சென்றடைய வேண்டும். வழியில் வெப்பம் ஏறினால் ஆர்.என்.ஏ. சிதைந்துவிடும். அப்போது உலகின் மிகச் சிறந்த கருவியாலும் அதனைப் படிக்க இயலாது.

முதலில் ஆர்.டி.பி.சி.ஆர். சோதனை நடைபெறுகிறது. அது, 'தீநுண்மி உள்ளதா?' என்னும் வினாவிற்கு மட்டும் விடை தரும். 'எந்த வகை?' என்னும் வினாவிற்கு விடை காண மரபணுப் பகுப்பாய்வு தேவை. தீநுண்மி மிகுதியாக உள்ள மாதிரிகளே அதற்குத் தேர்ந்தெடுக்கப்படுகின்றன.

ஆய்வகத்தில் மாதிரியிலிருந்து ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டு, நிலைத்தன்மை மிக்க டி.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. பிறகு அது சிறு சிறு துண்டுகளாகப் பன்மடங்கு பெருக்கப்படுகிறது. ஒரு துண்டின் முடிவும் அடுத்த துண்டின் தொடக்கமும் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு இத்துண்டுகள் அமைக்கப்படுகின்றன. அதனால் இடையில் எதுவும் விடுபடுவதில்லை. பல நோயாளிகளின் மாதிரிகள் ஒரே நேரத்தில் கருவிக்குள் செல்வதால், ஒவ்வொன்றின் துண்டுகளிலும் ஒரு தனி அடையாளக் குறி இணைக்கப்படுகிறது. வார்ப்படச் சாலையில் எந்த உருக்கில் வார்த்தது என்பதை அறிய ஒவ்வொரு வார்ப்பிலும் எண் பொறிப்பதைப் போன்றது இது.

கருவி இலட்சக்கணக்கான துண்டுகளைப் படித்துத் தருகிறது. கணினி அவற்றை மூலத் தொகுதியோடு பொருத்தி வரிசைப்படுத்துகிறது. ஓர் இடத்தில் ஒரே ஒரு துண்டு மட்டும் மாற்றம் காட்டினால் அது கருவியின் பிழையாக இருக்கலாம். அவ்விடத்தைப் படித்த நூற்றுக்கணக்கான துண்டுகளும் அதே மாற்றத்தைக் காட்டினால் அது தீநுண்மியின் உண்மையான திரிபு. ஒரே ஏட்டை நம்பாமல் பல ஏடுகளை ஒப்புநோக்கும் பதிப்பாசிரியரின் பொறுமை இங்கும் வேண்டப்படுகிறது.

> தெரிந்து தெளிவோம்
>
> திரிபு – மரபணுத்தொகுதியில் ஓர் எழுத்து மாறுதல், விடுபடுதல் அல்லது சேர்தல்.
>
> உருமாறிய வகை – குறிப்பிட்ட சில திரிபுகளைத் தொகுப்பாகக் கொண்ட தீநுண்மி.
>
> கவலைக்குரிய வகை – வேகமாகப் பரவுதல், நோயைக் கடுமையாக்குதல், தடுப்பூசி அல்லது சிகிச்சையின் பயனைக் குறைத்தல் ஆகியவற்றுள் ஒன்றேனும் உள்ளதெனச் சான்றுகள் காட்டும் வகை.
>
> உருமாறிய வகைகள் முதலில் கண்டறியப்பட்ட நாட்டின் பெயராலேயே அழைக்கப்பட்டு வந்தன. அந்நாட்டு மக்கள்மீது பழி விழுவதைத் தவிர்க்க, ஆல்பா, பீட்டா முதலிய கிரேக்க எழுத்துகளால் அழைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் 2021 மே 31இல் அறிவித்தது.

ஏழு மாதங்களும் பதினேழு நாள்களும்

மரபணுவைப் படிப்பது எவ்வளவு இன்றியமையாததோ, உரிய காலத்தில் படிப்பதும் அவ்வளவு இன்றியமையாதது. இதனை இரண்டு வகைகளின் வரலாறு உணர்த்துகிறது.

பின்னர் டெல்டா எனப் பெயர் பெற்ற வகையின் தொடக்க மாதிரிகள் இந்தியாவில் 2020 அக்டோபரில் எடுக்கப்பட்டவை. நாட்டின் பத்து ஆய்வகங்களை ஒருங்கிணைத்து 'இன்சாகாக்' என்னும் மரபணு ஆய்வுக் கூட்டமைப்பு 2020 டிசம்பரில் உருவாக்கப்பட்டது. தொற்று உறுதியானவர்களின் மாதிரிகளில் நூற்றுக்கு ஐந்தைப் படிக்க வேண்டும் என்பது இலக்கு. தொடக்க மாதங்களில் அந்த இலக்கு எட்டப்படவில்லை. மராட்டிய மாநிலத்தில் புதிய திரிபுகளைக் கொண்ட வகை பெருகிவருவதாக 2021 மார்ச் 24இல் ஒன்றிய சுகாதார அமைச்சகம் தெரிவித்தது. மே 11இல் உலக சுகாதார நிறுவனம் அதனைக் கவலைக்குரிய வகையாக அறிவித்தது. முதல் மாதிரிக்கும் இவ்வறிவிப்பிற்கும் இடையே ஏழு மாதங்கள் கடந்திருந்தன.

அதற்குள் இரண்டாம் அலை நாடு முழுவதும் பரவிவிட்டது. மே மாதம் 21ஆம் நாள் தமிழ்நாட்டில் ஒரே நாளில் பதிவான புதிய தொற்றுகள் 36 ஆயிரத்தைக் கடந்தன. மாத இறுதியில் அன்றாடத் தொற்று எண்ணிக்கையில் கோவை மாவட்டம் சென்னையையே விஞ்சியது. உயிர்வளிப் படுக்கைகளுக்காக மக்கள் மருத்துவமனை வாயில்களில் காத்திருந்த நாள்கள் அவை. மரபணுவை முன்னரே படித்திருந்தால் மட்டும் அத்துயரம் முழுவதும் நீங்கியிருக்கும் எனக் கூற இயலாது. எனினும் படுக்கை, உயிர்வளி, மருந்து ஆகியவற்றை ஆயத்தம் செய்யச் சில வாரங்கள் கூடுதலாகக் கிடைத்திருக்கும். பெருந்தொற்றுக் காலத்தில் ஒரு வாரத்தின் மதிப்பு உயிர்களால் அளக்கப்படுகிறது.

ஓமைக்ரான் வகையின் வரலாறு வேறானது. அதன் முதல் உறுதிசெய்யப்பட்ட மாதிரி 2021 நவம்பர் 9இல் எடுக்கப்பட்டது. தென்னாப்பிரிக்க அறிவியலாளர்கள் அதனை நவம்பர் 24இல் உலக சுகாதார நிறுவனத்திற்குத் தெரிவித்தனர். நவம்பர் 26இல் அது கவலைக்குரிய வகையாக அறிவிக்கப்பட்டது. இதற்கு எடுத்துக்கொண்ட காலம் பதினேழு நாள்கள். ஆயினும் உண்மையை விரைந்து உரைத்த அந்நாட்டிற்குப் பாராட்டோடு பயணத் தடைகளும் வந்து சேர்ந்தன. எச்சரித்தவரைத் தண்டித்தால் அடுத்த முறை எச்சரிக்க யார் முன்வருவர் என்னும் வினாவை அந்நிகழ்வு உலகின்முன் வைத்தது.

தமிழ்நாட்டில் ஓர் ஆய்வகம்

இரண்டாம் அலையின்போது தமிழ்நாட்டின் மாதிரிகள் மரபணுப் பகுப்பாய்விற்காகப் பெங்களூருவில் உள்ள ஆய்வு நிறுவனத்திற்கு அனுப்பப்பட்டன. பல மாநிலங்களின் மாதிரிகள் ஓரிடத்தில் குவியும்போது முடிவுகள் வருவதற்குக் காலம் பிடித்தது. இந்நிலையை மாற்ற, சென்னை தேனாம்பேட்டை மருத்துவப் பணிகள் இயக்கக வளாகத்தில் உள்ள மாநிலப் பொதுச் சுகாதார ஆய்வகத்தில், ஏறத்தாழ 4 கோடி ரூபாய் செலவில் முழு மரபணுப் பகுப்பாய்வுக் கூடம் அமைக்கப்பட்டு, 2021 செப்டம்பர் 14இல் திறந்துவைக்கப்பட்டது.

மூன்று மாதங்களில் ஓமைக்ரான் வந்தது. டிசம்பர் 2இல் கர்நாடகத்திலும், டிசம்பர் 15இல் வெளிநாட்டிலிருந்து சென்னை வந்த பயணி ஒருவரிடமும் அது உறுதிசெய்யப்பட்டது. ஓமைக்ரானைக் கண்டறிய ஒரு குறுக்குவழியும் உதவியது. சில ஆர்.டி.பி.சி.ஆர். சோதனைகள் தீநுண்மியின் மூன்று பகுதிகளைத் தேடுகின்றன. அப்போது பரவிய ஓமைக்ரானின் கூர்ப்புரதப் பகுதியில் சில எழுத்துகள் விடுபட்டிருந்ததால், மற்ற இரண்டு பகுதிகள் தென்பட்டும் 'எஸ்' மரபணு மட்டும் தென்படவில்லை. ஏட்டில் ஓர் அடி விடுபட்டிருப்பதைக் கொண்டே அது எந்த வழி ஏடு என அறிவதைப் போன்றது இது. இவ்வாறு ஐயத்திற்குரிய மாதிரிகளை ஒரே நாளில் பிரித்து வைக்கவும், அவற்றை முழுப் பகுப்பாய்விற்கு முதலில் அனுப்பவும் இயன்றது.

எந்த ஊரின் மாதிரி?

கருவி தலைநகரில் இருந்தாலும், அது படிக்கும் எழுத்துகள் ஊர்களிலிருந்தே வரவேண்டும். பெருநகர மருத்துவமனைகளின் மாதிரிகளை மட்டும் படித்தால், பெருநகரத்தின் நிலை மட்டுமே தெரியும்.

இந்த வகையில் கோவை கருதத்தக்க இடம். மேற்கே வாளையாறு வழியாக நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் கேரளத்திற்குச் சென்று வருகின்றனர். பீகார், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் தொடர்வண்டிகளில் வந்து இறங்குகின்றனர். விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூருக்கும் ஷார்ஜாவுக்கும் விமானங்கள் செல்கின்றன. மருத்துவத்திற்காக அண்டை மாவட்டங்களிலிருந்தும் மக்கள் இங்கு வருகின்றனர். கணபதியின் ஒரு பட்டறையில் உள்ளூர்க்காரரும் வடமாநிலத் தொழிலாளியும் ஒரே இயந்திரத்தின் இருபுறமும் நின்று பணியாற்றுகின்றனர். புதிய வகை ஒன்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முதலில் தென்படக்கூடிய சந்திப்புகளுள் இத்தகைய இடமும் ஒன்று.

கொங்கு நாடு கொள்ளைநோயைப் புதிதாக அறிந்ததன்று. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பிளேக் நோய் கோவையைப் பலமுறை தாக்கியது. நகரின் பல பகுதிகளில் இன்றும் உள்ள பிளேக் மாரியம்மன் கோயில்கள் அந்த அச்சத்தின் நினைவுச் சின்னங்கள். அன்று நோய் ஊருக்குள் வந்த செய்தியை, விழுந்து கிடக்கும் எலிகளும் நிகழும் சாவுகளுமே அறிவித்தன. இன்று முதல் சாவிற்கு முன்பே அச்செய்தியை அறியும் வாய்ப்பு உள்ளது. ஆனால் அதற்குக் காய்ச்சல் வந்தவர் சோதனைக்கு வரவேண்டும். ஒரு நாள் வேலைக்குச் செல்லாவிட்டால் ஒரு நாள் கூலியை இழக்கும் தொழிலாளிக்கு அது எளிதன்று. எனவே கண்காணிப்பின் வெற்றி, அருகில் கிடைக்கும் கட்டணமில்லாச் சோதனையையும் நோயுற்றவர் ஓய்வெடுக்க இயலும் சூழலையும் பொறுத்தது.

சோதனைக்கு வராதவர்களின் நிலையையும் ஓரளவு அறியக் கழிவுநீர் ஆய்வு உதவுகிறது. நோயுற்றவரின் கழிவில் வெளியேறும் தீநுண்மித் துணுக்குகளைச் சாக்கடை நீரிலிருந்து எடுத்துப் படிக்கலாம். போலியோ ஒழிப்பிற்காக இந்தியாவில் இம்முறை முன்பே கையாளப்பட்டது. இதில் எவருடைய பெயரும் வெளிப்படுவதில்லை. ஒரு பகுதி முழுவதன் நிலையும் ஒரே மாதிரியில் தெரிகிறது.

மறைந்த கிளையும் பழைய நோயும்

தீநுண்மிகளைக் கண்காணிக்கும் பணி கொரோனாவோடு தொடங்கியதன்று. இன்ஃபுளுயன்சாவைக் கண்காணிக்க உலக சுகாதார நிறுவனம் 1952ஆம் ஆண்டிலேயே ஆய்வகங்களின் வலையமைப்பை உருவாக்கியது. அது திரட்டும் தரவுகளைக் கொண்டு, எந்த வகைகளுக்கு எதிராகத் தடுப்பூசி செய்ய வேண்டும் என ஆண்டுதோறும் இருமுறை முடிவு செய்யப்படுகிறது. அக்கண்காணிப்பில் வியப்பூட்டும் உண்மை ஒன்று தெரியவந்தது. இன்ஃபுளுயன்சா பி வகையின் யமகட்டா என்னும் கிளை, 2020 மார்ச்சுக்குப் பிறகு எங்கும் உறுதியாகக் காணப்படவில்லை. முகக்கவசமும் இடைவெளியும் பயணக் கட்டுப்பாடும் கொரோனாவைத் தடுக்க முயன்றபோது, இக்கிளை அழிந்துபோனதாகக் கருதப்படுகிறது. அதனால் தடுப்பூசியில் அதனைச் சேர்க்க வேண்டியதில்லை என்னும் முடிவு எடுக்கப்பட்டது.

தேவையற்ற அச்சத்தை அகற்றுவதும் கண்காணிப்பின் பயனே. 2025 ஜனவரியில் எச்.எம்.பி.வி. என்னும் தீநுண்மி பற்றிய செய்திகள் பரவின. சென்னையிலும் சேலத்திலும் இருவருக்கு அத்தொற்று இருப்பது அறிவிக்கப்பட்டவுடன், மற்றொரு பெருந்தொற்று தொடங்கிவிட்டதோ என மக்கள் அஞ்சினர். உண்மையில் அது 2001இல் நெதர்லாந்தில் கண்டறியப்பட்டு, உலகெங்கும் நெடுங்காலமாகப் பரவிவரும் பழைய தீநுண்மி. பெரும்பாலோர்க்கு அது சாதாரணச் சளிக்காய்ச்சலாகவே வந்து நீங்கும். குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தோர் ஆகியோர் மட்டும் கூடுதல் கவனத்தோடு இருக்க வேண்டும். புதியது எது, பழையது எது எனப் பிரித்தறிய முன்னரே படித்துச் சேர்த்துவைத்த ஏடுகள் வேண்டும் என்பதை இது காட்டுகிறது.

பகிர்தலும் பாதுகாத்தலும்

ஒரு மரபணுத்தொகுதியைத் தனியே படிப்பதால் பெரிய பயன் இல்லை. மற்றவற்றோடு ஒப்பிடும்போதே அது பொருள் தருகிறது. இதற்கென 2008இல் தொடங்கப்பட்ட 'கிசெய்டு' என்னும் தரவுத்தளத்தில், கொரோனாத் தீநுண்மியின் 1 கோடியே 50 இலட்சத்திற்கும் மேற்பட்ட மரபணு வரிசைகள் சேர்ந்துள்ளன. பகிரும்போது நோயாளியின் பெயரும் முகவரியும் மறைக்கப்பட வேண்டும். உலகிற்குத் தேவைப்படுவது தீநுண்மியின் வரலாறே, நோயுற்றவரின் அடையாளமன்று.

மரபணுவைப் படிப்பதனாலேயே நோய் நீங்கிவிடாது என்பதையும் உணர வேண்டும். புதிய திரிபு ஒன்று தென்பட்டவுடன் அது ஆபத்தானது என முடிவு செய்ய இயலாது. எத்தனை பேர் மருத்துவமனையில் சேர்ந்தனர், தடுப்பூசி பெற்றவர் நிலை என்ன, எவ்வளவு விரைவாகப் பரவுகிறது என்பவற்றோடு அதனை இணைத்துப் பார்க்க வேண்டும். செவிலியர், ஆய்வக நுட்பநர், கணினி வல்லுநர், மருத்துவர், நிருவாகி ஆகியோர் ஒரே சங்கிலியின் கண்ணிகள். ஒரு கண்ணி தளர்ந்தாலும் எச்சரிக்கை காலம் தாழ்ந்தே வரும்.

தீநுண்மி தன் வரலாற்றைத் தன்னிடமே எழுதி வைத்துக்கொண்டு பயணம் செய்கிறது. அதனை மறைக்கும் ஆற்றல் அதற்கு இல்லை. படிப்பதற்கு நாம் ஆயத்தமாக இருக்கிறோமா என்பதே வினா. கணபதியில் கவனமாக எடுக்கப்பட்டு, குளிர்நிலை மாறாமல் அனுப்பப்பட்டு, காலத்தில் படிக்கப்படும் ஒரு மாதிரி, எங்கோ ஒரு மருத்துவமனையில் ஒரு படுக்கையை முன்கூட்டியே ஆயத்தம் செய்யும். பெயர் அறியாத அந்த நோயாளிக்காகவே இப்பணி இடைவிடாமல் நடைபெறுகிறது.

கற்பவை கற்றபின்...

1. ஓலைச்சுவடிகளைப் படியெடுத்தலுக்கும் தீநுண்மி படியெடுக்கப்படுதலுக்கும் உள்ள ஒற்றுமை வேற்றுமைகளை அட்டவணைப்படுத்துக.

2. "எச்சரித்தவரைத் தண்டித்தல் அறமா?" – ஓமைக்ரான் நிகழ்வைச் சான்றாகக் கொண்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.

3. உங்கள் ஊருக்கு மக்கள் எந்தெந்த வழிகளில், எந்தெந்த ஊர்களிலிருந்து வந்து செல்கின்றனர் என்பதைத் திரட்டி, நோய்க் கண்காணிப்பிற்கு மாதிரி எடுக்கத் தகுந்த இடங்களைக் குறித்து ஒரு பக்க அறிக்கை எழுதுக.